மூணாங்கல் லயனில் ஊமை நேரம்

ராசையாவின் பழைய லேப்டாப் முதன்முதலாக வைஃபையோடு இணைந்த வியாழக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, மூணாங்கல் எஸ்டேட்டின் வரிசையாகக் கட்டிய நாற்பத்தாறு லயன் வீடுகளிலும், குழாயடியிலும், ரேஷன் கடை வரிசையிலும், பதினாலாம் நம்பர் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவிலும் மனிதக் குரல் நின்றுபோனது. நாய்கள் குரைத்தன, குக்கர்கள் விசில் அடித்தன, யார் வீட்டிலோ ரேடியோ மழை அளவு வாசித்தது, ஆனால் வாய் திறந்த எவருக்கும் சத்தம் வரவில்லை. பத்து நாற்பத்தைந்துக்கு இணைப்பு அறுந்தபோது எல்லோருக்கும் பாதிச் சொல்லிலிருந்து குரல் திரும்பியது. குழாயடியில் நின்றவர்கள் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

மூணாங்கலில் யாரும் இதற்காக ஓடவில்லை, ஒளியவில்லை. அங்கே எது நின்றாலும் கம்பெனி நிறுத்தியது என்று எடுத்துக்கொள்வதுதான் பழக்கம். தண்ணீர் நின்றால் கம்பெனி, கரண்ட் நின்றால் கம்பெனி, வருஷா வருஷம் கொடுத்த கம்பளி நின்றதும் கம்பெனி, ஆகவே குரல் நின்றதும் அந்த வரிசையில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கூடையை இறக்கி வைக்காமலே முடிவு செய்தார்கள்.

"சர்க்குலர் வந்திருக்கும்" என்றாள் சிசிலி, தொழிற்சாலையில் தூள் சலிக்கவும் காட்டில் கொழுந்து பறிக்கவும் மாறி மாறிப் போகிற ஐம்பது வயதுக்காரி. "நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருப்பான். நாம எங்க பாத்தோம்?"

இதெல்லாம் சுகந்திக்குத் தெரியாது. குரல் நின்ற அந்த இருபத்தைந்து நிமிடமும் அவள் படிப்பகத்துக்குள் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, கேரம் போர்டின் மேல் லேப்டாப்பை வைத்து, மலைக்குக் கீழே இருக்கும் நீதிமன்றத்திடம் தன் புருஷனைக் காப்பாற்றப் பேசிக்கொண்டிருந்தாள். தான் பேசுவது தனக்கே கேட்காததைக் கண்டு, சளியால் காது அடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

அவள் புருஷன் ராசையா தொழிற்சாலையில் தேயிலை உருட்டும் ரோலர் மெஷின் ஓட்டுகிறவன். ஏழு மாதமாகச் சிறையில் இருந்தான். மெஷினில் அடைத்துக்கொண்ட இலையை வழிப்பதற்காக வேலாயுதம் என்ற தொழிலாளி தோள்வரை உள்ளே இறங்கியிருந்தபோது மெஷின் ஓடியது, வேலாயுதம் செத்தான். ஓட்டுகிறவன் ராசையா, ஆகவே ஓட்டியவன் ராசையா என்று எழுதிக்கொண்டார்கள். ஸ்விட்சைப் போட்டது சின்னதுரை. உதவி மேனேஜரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அன்றைய உற்பத்தி குறைகிறது என்று கத்திக்கொண்டே வந்தவர், "ஐயா, உள்ள ஆள் இருக்கு" என்று ராசையா கையை நீட்டி முடிப்பதற்குள் போட்டுவிட்டார். இதைப் பதினேழு பேர் பார்த்தார்கள். போலீஸ் வந்தபோது, பக்கத்துச் சலிப்பறையில் வேலை பார்த்த சுகந்தியைத் தவிரப் பதினாறு பேரும் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருந்ததாகச் சொன்னார்கள். பதினாறு பேர் ஒரே நேரத்தில் குடிக்கிற அளவுக்கு அந்தத் தொழிற்சாலையில் டம்ளர் கிடையாது என்பதைப் போலீஸ் விசாரிக்கவில்லை.

அவர்களைக் குற்றம் சொல்லவும் சுகந்தியால் முடியவில்லை. வீடு கம்பெனியுடையது, வேலை போனால் மூன்றாம் நாள் வீடும் போகும், தட்டுமுட்டுச் சாமானோடு மலையை விட்டு இறங்க வேண்டும். அவளால் தாங்க முடியாதது வேறொன்று. வேலாயுதத்தின் மனைவி பாக்கியம் மூன்று வீடு தள்ளித்தான் இருந்தாள். ஆபீசில் சொன்னதை அவள் நம்பினாள். ஏழு மாதமாக, சுகந்தி எதிரே வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நாற்றமடிக்கிற இடத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனாள்.

ஐப்பசி மழையில் மலைப்பாதை ஒரு வளைவோடு சரிந்து பள்ளத்தாக்கில் விழுந்தது. பஸ் இல்லை. செல்போன் டவர் எப்போதுமே இல்லை. பஞ்சாயத்துப் படிப்பகத்துக்கு மட்டும் முந்தின வருஷம் கண்ணாடி இழை வயர் இழுத்து, சுவரில் ஒரு வைஃபை பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். படிப்பகத்தில் இருந்து வீடியோவில் சாட்சி சொல்லலாம் என்று நீதிமன்றம் இடமும் தேதியும் குறித்து அனுப்பியது. லயனில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் ராசையா பழையதாக வாங்கிய அந்த லேப்டாப். அதில் வயர் சொருகும் ஓட்டை மலைப்பனியில் துருப்பிடித்துப் போயிருந்தது. ஆக, வைஃபை ஒன்றுதான் வழி.

முதல் விசாரணைத் தேதியன்று வைஃபை சின்னமே திரையில் இல்லை. இருக்க வேண்டிய மூலை வழித்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தது. நாற்பது நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் எஸ்டேட் ஆபீஸ் தொலைபேசிக்குச் செய்தி வந்தது: சாட்சி வரவில்லை, வழக்கு ஒத்திவைப்பு.

மழைத்தாளில் லேப்டாப்பைப் பொதிந்துகொண்டு பதினோரு கிலோமீட்டர் நடந்து, சரிவுக்கு இந்தப் பக்கம் இருந்த பஜாரில், அதை ராசையாவுக்கு விற்ற கபூர் பாயின் கடைக்குப் போனாள். கபூர் பாய் ஒல்லியான மனிதர், மனிதர்களிடம் பேசும்போதும் திரையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

"லினக்ஸ் போட்டுக் குடுத்தது நான்தான். வைரஸ் வராது, பத்து வருஷம் ஓடும். வைஃபைதான் அடம்பிடிக்கும், அதுக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றபடி திரையில் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஒரு வரி அடித்தார். "பாரும்மா, வைஃபை கார்டு இருக்கு. உசுரோட இருக்கு. ஆனா தடைன்னு காட்டுது. தடை ரெண்டு வகை. ஒண்ணு மெஷின் தனக்குத்தானே போட்டுக்கறது, அதை இங்க ஒரு வரி அடிச்சா எடுத்துரலாம். இன்னொண்ணு யாரோ கையால போட்டது. அதைக் கையாலதான் எடுக்கணும், என்ன கட்டளை போட்டாலும் கேக்காது."

லேப்டாப்பின் முன் விளிம்பில் அரிசி அளவு ஸ்விட்ச் ஒன்றை நகத்தால் தள்ளிக் காட்டினார். அதற்குப் பிறகும் கார்டு பேசவில்லை. கார்டுக்குள் ஓட வேண்டிய சின்ன நிரல் ஒன்று இல்லாமல் இருந்தது. அதைப் பென்டிரைவில் போட்டு, அடிக்க வேண்டிய வரிகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எண் போட்டு எழுதிக் கொடுத்தார். அந்த நிரலை ஏற்றி, வரிகளை ஒவ்வொன்றாக அடித்து, மூலையில் விசிறிபோலச் சின்னம் முளைத்ததுதான் மேலே சொன்ன வியாழக்கிழமை, இரண்டாவது விசாரணைத் தேதி.

"ஏம்மா, சந்தைக்குள்ள உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டது திரையில் வந்த நீதிமன்ற எழுத்தரின் முகம்.

சுகந்தி சுற்றிப் பார்த்தாள். அறையில் ஒரு ஈ இருந்தது.

"ஒரே இரைச்சல்" என்றார் நீதிபதி. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "நூறு பேர் ஒரே நேரத்துல பேசற மாதிரி இருக்கு. இவங்க வாயசையறது தெரியுது, ஒரு வார்த்தை பிரிச்சு எடுக்க முடியலை. இருபத்திரண்டாம் தேதி போடுங்க. அதுதான் கடைசி. அன்னைக்கும் இல்லைன்னா, எதிரி தரப்புல சாட்சி இல்லைன்னு முடிச்சுடுவேன்."

இருபத்திரண்டுக்கு இருபது நாள் இருந்தது. நீதிமன்றத்தில் எதிரி என்றால் ராசையா என்பதும் அன்றுதான் சுகந்திக்கு விளங்கியது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவள் தினமும் லேப்டாப்பை இணைத்தாள், அறுத்தாள், இணைத்தாள். ஒவ்வொரு முறையும் மூணாங்கலில் குரல் போனது, வந்தது, போனது; குழாயடிச் சண்டை நின்று நின்று தொடர்வதைப் பார்த்து அவளுக்கும் அது புரிந்தது. நான்காம் நாள் சிசிலி தலைமையில் ஏழெட்டுப் பேர் படிப்பக வாசலுக்கு வந்தார்கள்.

"ஏண்டி, எங்க தொண்டைய அமுக்கறது ஒன் டப்பாதானா?"

சுகந்தி பயத்தில் எழுந்து நின்றாள். "எனக்குத் தெரியலக்கா. இணைச்சா நிக்குது, அறுத்தா வருது. எப்படின்னு கபூர் பாய்க்கு எழுதிக் கேட்டேன், அவருக்கும் தெரியலயாம்."

"கம்பெனி இல்லியே?"

"இல்லக்கா."

சிசிலி கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். கம்பெனி இல்லை என்றதும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்தது, கோபிக்க யாரும் இல்லாததால் கோபமும் போய்விட்டது. "சரி, எந்நேரம் இணைப்பேன்னு முன்னாடியே சொல்லிரு. உலை வெக்கறதுக்கு முன்னாடி அரிசி கேக்கணும் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குள், கொழுந்தை எடை எழுதித் தொழிற்சாலைவரை கொண்டுசேர்க்கும் கங்காணி பொன்னுசாமியின் புத்தகத்தில் ஒரு விஷயம் ஏறியிருந்தது: குரல் இல்லாத நேரத்தில் பறித்த கொழுந்து ஆளுக்கு இரண்டு கிலோ அதிகம். கங்காணி இதை ஃபீல்டு ஆபீசர் தேவசகாயத்திடம் சொல்ல, தேவசகாயம் மேலே சொல்ல, ஆபீசிலிருந்து சுகந்திக்கு வாய்வழியாக உத்தரவு வந்தது, தினம் காலை எட்டிலிருந்து பத்துவரை இணைத்தே வைக்கலாம் என்று. எட்டுக்கும் பத்துக்கும் எஸ்டேட் சங்கு ஊதினார்கள். மூணாங்கலில் அதற்கு ஊமை நேரம் என்று பெயர் வந்தது. வேதக்கோயில் பாட்டுப் பயிற்சி மாலைக்குப் போனது, ரேஷன் கடைக்காரர் விரல் கணக்குப் பழகினார், அந்த நேரத்தில் சண்டை மூண்டால் பத்து மணிச் சங்குவரை இடுப்பில் கைவைத்துக் காத்திருந்து பிறகு போட்டார்கள். காத்திருந்ததில் பாதிச் சண்டை எதற்கென்று மறந்துபோனது.

பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. சத்தம் வராது என்பது உறுதியானதும், இத்தனை நாள் சொல்லாததை எல்லாம் ஊமை நேரத்தில் ஆட்கள் சொல்லத் தொடங்கினார்கள். தேயிலைச் செடியைப் பார்த்துச் சொன்னார்கள், மலைச்சரிவைப் பார்த்துச் சொன்னார்கள், செத்துப்போன அம்மாவிடம் சொன்னார்கள், ஓடிப்போன மகளிடம் சொன்னார்கள், எதிரே நிற்கும் தேவசகாயத்தின் முகத்துக்கு நேராகப் பணிவாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், அவரும் பணிவாகத் தலையாட்டிக்கொண்டே தன் பங்குக்கு எதையோ சொன்னார். பாறைபோல இறுகிய மனிதரான கங்காணி பொன்னுசாமி தினமும் ஒரே சில்வர் ஓக் மரத்தின் முன்னால் போய் நின்று, வாயசைத்து, தலைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். பத்து மணிக்குச் சங்கு ஊதும்போது எல்லோரும் குளித்துவிட்டு வந்தவர்கள்போல லேசாக இருந்தார்கள்.

இதற்கு ஒரே இடைஞ்சல், இணைப்பு அடிக்கடி அறுந்தது. மூன்று நிமிடம், நான்கு நிமிடம் நிற்கும், அவ்வளவுதான். வைஃபை விழும், ஐந்து நொடி எல்லோர் குரலும் வெளியே கொட்டும், மறுபடி இணையும். அப்படி விழுந்த ஐந்து நொடியில் தேவசகாயத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்த சிசிலியின் வாயிலிருந்து, "...வேரோட அழுகித்தான் போவ" என்பது காடு முழுக்கக் கேட்டது.

பத்து மணிக்குத் தேவசகாயம் கேட்டார். "யாரை அழுகுவன்னு சொன்ன?"

"செடியச் சொன்னேங்கய்யா. மருந்தடிக்கணும்."

அன்று சாயந்திரம் லயனே படிப்பகத்துக்கு வந்துவிட்டது. இணைப்பு அறுபடாமல் பார்த்துக்கொள்ளும்படி சுகந்தியைக் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், ஒருத்தி முருங்கைக்கீரை கொண்டு வந்தாள். சுகந்தி காலண்டர் தாளை மறுபடி படித்தாள். ஏழாவது வரிக்குப் பக்கத்தில் கபூர் பாய், 'அடிக்கடி விழுந்தால்: கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கப் போகிறது, தூங்கவிடாதே' என்று எழுதியிருந்தார். அந்த வரியை அடித்தாள். கார்டு அதற்குப் பிறகு தூங்கவில்லை. இரண்டு மணிநேரமும் ஒரு துண்டாக நின்றது. லயன் அவளை வாழ்த்தியது, விறகு தந்தது. ஏழு மாதத்தில் முதன்முறையாக அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆட்கள் பேசினார்கள். பாக்கியம் மட்டும் வரவில்லை.

ஆனால் நீதிமன்றத்துக்குக் கேட்ட இரைச்சல் என்னவென்று சுகந்திக்கு இன்னும் தெரியவில்லை. பதினான்கு நாள் போய்விட்டது. மைக்கை அணைத்துப் பார்த்தாள், வேறு மைக்கைச் சொருகிப் பார்த்தாள், பதிவுக் குறிப்புகளை வரி வரியாகப் படித்தாள். பிழை என்று ஒன்றுமில்லை. கடைசியில், கார்டு எவ்வளவு அனுப்புகிறது, எவ்வளவு வாங்குகிறது என்று எண்ணிக் காட்டும் வரியை அடித்து, வேறு எல்லாவற்றையும் மூடிவிட்டு, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்பில் எதுவும் ஓடவில்லை, எதையும் அவள் அனுப்பவில்லை. அனுப்பிய எண்ணிக்கையோ பெட்ரோல் பங்க் மீட்டர்போல ஏறிக்கொண்டே போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து எஸ்டேட்டில் ஒரு கல்யாணம். லயன் மொத்தமும் கிளம்பிப் போனபிறகு இணைத்தாள். எண் அசையவில்லை. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தாள், நின்றது. யாரிடம் என்றில்லாமல், "ராசையா" என்றாள். சத்தம் வரவில்லை. எண் நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூறு ஆனது.

மறுநாள் ஊமை நேரத்தில் கபூர் பாயின் கடையை வீடியோவில் அழைத்தாள். அவர் குரல் அங்கிருந்து ஸ்பீக்கரில் வந்ததால் அவளுக்குக் கேட்டது. அவருக்கு என்ன கேட்கிறது என்று எழுதிக் கேட்டாள். கபூர் பாய் ஹெட்போனை மாட்டினார், இரண்டு காதையும் கையால் அழுத்திக்கொண்டார். முதலில் அவர் முகம் சிவந்தது. "ஒரு அம்மா யாரோ தேவசகாயத்தைத் திட்டறாங்க. நல்லா விவரமாத் திட்டறாங்க" என்றார். பிறகு அவர் திரையை விட்டுக் கண்ணை எடுத்தார், அப்படி எடுத்து சுகந்தி பார்த்ததில்லை.

"ஒருத்தர் அழுதுகிட்டே பேசறாரு. 'ஸ்விட்சப் போட்டது சின்னதுரைதான், நான் மூணடி தள்ளித்தான் நின்னேன், வேலாயுதம் கால் எங்கைல தட்டுச்சு, நான் டீ குடிக்கப் போகல'ன்னு. திரும்பத் திரும்ப அதையே சொல்றாரு. யாரும்மா இது?"

சுகந்தி ஜன்னல் வழியே பார்த்தாள். சில்வர் ஓக் மரத்தின் முன்னால் பொன்னுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். காடு முழுக்கப் பாதிச் சொற்கள் வெடித்தன.

அன்று மதியமே பதினோரு கிலோமீட்டர் நடந்து கபூர் பாயிடம் போனாள்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். யாருகிட்டயும் மூச்சு விடாத. இருபத்திரண்டாம் தேதி இதே மாதிரி இணைச்சு வெச்சிரு. அவங்க பாட்டுக்குப் பேசுவாங்க. கோர்ட்டு பதிவு பண்ணி, ஒவ்வொரு குரலாப் பிரிச்சுக் கேட்டுக்கும். ஒன் வீட்டுக்காரர் வெளிய வந்துருவாரு" என்றார் அவர்.

"அவங்க யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சுப் பேசறாங்க பாய்."

"உண்மையத்தான பேசறாங்க?"

"வீடு போயிரும்."

"ஒம் புருஷன்?"

அவள் திரும்பி மலையேறினாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லாமல் விட்டால் ராசையா வருவான், பதினாறு வீடுகள் சாமானை இறக்கும்; தன் வாசலில் உட்கார்ந்து பேசியவர்களின் தொண்டைக்குள் கைவிட்டு எடுத்ததுபோல ஆகும். சொல்லிவிட்டால் எல்லோரும் வாயை இறுக மூடிக்கொள்வார்கள், அவள் குரல் மட்டும் தெளிவாகப் போகும். மனைவி சொல்லும் சாட்சிக்கு என்ன மதிப்பு என்று வக்கீல் முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருந்தார். சிறைக்குப் போய் ராசையாவைக் கேட்கலாம் என்றால் பாதை இல்லை. ஊமை நேரத்தில் இணைத்துவிட்டு எண் ஏறுவதைப் பார்த்தபடி, அதில் எவ்வளவு பொன்னுசாமி, எவ்வளவு சிசிலி என்று பிரிக்க முயன்றாள். ஒருமுறை கார்டு தானாகவே செத்துப்போகட்டும் என்றுகூட நினைத்தாள்.

இருபத்தொன்றாம் தேதி சாயந்திரம், வேலை முடிந்து ஆட்கள் எடை போட்டுக் கலைகிற மைதானத்தில், தேவசகாயம் ஜீப் ஏறிப் போனதும், சுகந்தி நடுவில் போய் நின்று சொன்னாள். ஊமை நேரத்தில் பேசுவது எங்கேயும் மறையவில்லை, எல்லாம் வயர் வழியே போகிறது, இணைந்திருக்கிற மறுமுனையில் கேட்கிறது என்றாள்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. சிசிலிக்குத்தான் முதலில் புரிந்தது.

"அப்ப நான் தேவசகாயத்தப் பத்திச் சொன்னதெல்லாம்?"

"கபூர் பாய் கேட்டாருக்கா."

"முழுசாவா?"

"ஹெட்போன் போட்டு."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தாங்கள் என்னென்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அது முகங்களில் ஒவ்வொன்றாக ஏறியது. பொன்னுசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

"நாளைக்குப் பத்தரைக்கு கோர்ட்டோட இணைப்பேன்" என்றாள் சுகந்தி. "நான் பேசறது கேக்கணும்னா நீங்க யாரும் பேசக் கூடாது. பேசினா, பேசினது போகும். அதச் சொல்லாம இணைக்க மனசு வரல. அவ்வளவுதான்."

"வீட்டக் காலி பண்ணுன்னா ஒங்கப்பன் வீட்டுலயா போய் இருப்போம்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கூட்டத்தின் ஓரத்தில் முந்தானையால் வாயைப் பொத்தியபடி பாக்கியம் நின்றிருந்தாள். அவள் சுகந்தியைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க அந்த முகங்கள் திரும்பிக்கொண்டன.

இருபத்திரண்டாம் தேதி பத்து மணி இருபத்தொரு நிமிடத்துக்கு வைஃபை சின்னத்தைக் காணவில்லை.

சுகந்தி லேப்டாப்பை அணைத்துப் போட்டாள், இல்லை. தூக்கத்தை நிறுத்தும் வரியை அடித்தாள், அப்படி ஒரு கார்டே தெரியாது என்று பதில் வந்தது. நிரலை மறுபடி ஏற்றினாள். பத்து இருபத்தைந்து. தடைப் பட்டியலைக் கேட்டாள். மெஷின் போட்ட தடை இல்லை, கையால் போட்ட தடை உண்டு என்றது. யார் போட்டது என்று அது சொல்லாது. அவள் பொதிந்து எடுத்து வரும்போது நகர்ந்திருக்கலாம், காலையில் அதை வைத்துவிட்டுப் போய்ப் படிப்பகம் திறந்து கிடந்தபோது வேறு யாராவது நகர்த்தியிருக்கலாம். அரிசி அளவு ஸ்விட்ச் நகத்துக்கு வரவில்லை. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கொடுத்துத் தள்ளினாள், வழுக்கியது, தள்ளினாள். பத்து இருபத்தொன்பதுக்கு விசிறி முளைத்தது. மூணாங்கலில் குரல் நின்றது.

எழுந்து ஜன்னலைத் திறந்தாள். எதிரே குழாயடியில் லயனே நின்றிருந்தது. அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

"இன்னைக்குத் தெளிவாக் கேக்குது" என்றார் நீதிபதி. "சொல்லுங்க."

சுகந்தி தனக்குக் கேட்காத குரலில் சொன்னாள். நீதிமன்ற வழக்கப்படி அவள் சொல்லச் சொல்ல நீதிபதி அதைத் திருத்தமான வாக்கியமாக்கி, பக்கத்தில் தட்டச்சு செய்பவருக்கு உரக்கச் சொன்னார்: "நான் சம்பவ நேரத்தில் சலிப்பறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ரோலர் மெஷினின் ஸ்விட்சை உதவி மேனேஜர் இயக்கியதை நேரில் பார்த்தேன்." ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்திருந்ததால் அவள் சாட்சியம் நீதிபதியின் குரலில் குழாயடிவரை போனது.

அரசு வக்கீல் எழுந்தார். "நீங்க எதிரியோட மனைவி. உங்களைத் தவிர வேற யாராவது பார்த்தாங்களா?"

"பதினாறு பேர்."

"யாராவது வந்து சொல்வாங்களா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அனுப்பும் எண் அசையாமல் நின்றது. பிழை இல்லை, இரைச்சல் இல்லை. இருபது நாள் அவள் தேடிய சுத்தமான இணைப்பு அது.

"அவ்வளவுதான்" என்று உட்காரப் போனார் வக்கீல்.

எண் துள்ளியது.

நீதிபதி கையை உயர்த்தினார். "இருங்க. பின்னாடி யாரோ பேசறாங்க. பொம்பளைக் குரல்." காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, பழக்கத்தில், தட்டச்சு செய்பவருக்கு உரக்கச் சொன்னார்: "நான் இறந்துபோன வேலாயுதத்தின் மனைவி பாக்கியம். என் கணவர் எப்படி இறந்தார் என்பது இங்கே நிற்பவர்களில் யாருக்காவது தெரிந்தால், எனக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்."

குழாயடியில் பாக்கியத்தின் வாயில் முந்தானை இல்லை. ஒரு முழம் தள்ளி நின்றவர்களுக்குக் கேட்காத அவள் கேள்வி, மலை இறங்கிப் போய், நீதிபதியின் குரலில், நீதிமன்றத் தமிழில், ஜன்னல் வழியாக அவர்களிடமே வந்து சேர்ந்தது. யாரும் நகரவில்லை. சிசிலி பொன்னுசாமியைப் பார்த்தாள். பொன்னுசாமி தலைத்துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, பாக்கியத்தின் முன்னால் வந்து நின்று, வாயைத் திறந்தார்.

"பெயர் பொன்னுசாமி" என்றது ஸ்பீக்கர். "வயது ஐம்பத்தெட்டு. கங்காணி. நான் மூன்றடி தள்ளி நின்றேன்... கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கய்யா, எழுதறாங்க."

அவருக்குப் பின்னால் சிசிலி வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னொருவர், ரேஷன் கடையில் நிற்பதுபோல. எதிரே நிற்பவர் வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பாக்கியத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் குழாயடியை விட்டு விலகி, ஈர மண்ணில் நடந்து, படிப்பக ஜன்னலுக்கு வந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே கொடுத்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவ்வளவு கிட்டே வந்திருந்தாள். சுகந்தி, இணைப்பு அறுந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து, லேப்டாப்பை மெதுவாக, ஒரு விரற்கடையாக நகர்த்தி, ஸ்பீக்கர் இருந்த பக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.